ஒரு வருஷக் குத்தகையில் மண் தேறாது

(நிலம் வைத்திருக்கும் குடும்பங்களையும் சாகுபடி செய்பவர்களையும் அழைத்து நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 

வழக்கமாக இந்த மேடையில் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி பற்றித்தான் பேசுவோம். இன்று வயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உதவி கேட்டு எங்களிடம் வரும் குடும்பங்களில் சிலர் மருத்துவச் செலவு என்று வருகிறார்கள். சிலர் மகள் கல்யாணம் என்று வருகிறார்கள். உட்கார வைத்து நிதானமாகப் பேசினால், கடைசியில் ஒரே கதைதான் வெளியே வருகிறது. "நகை எல்லாம் அடகுல இருக்கு. சம்பா நடவுக்கு வச்சது. மீட்க முடியல."

நடவுக்கு வைத்த நகை அறுப்பில் மீளவில்லை என்றால், அடுத்த நடவுக்கு வேறு நகை போகிறது. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கி வாழ நினைக்கும் குடும்பமே, உர மூட்டைக்காகவும் பூச்சி மருந்துக்காகவும் வட்டிக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் வயலைப் பற்றிப் பேசுவதும் நம் வேலை என்று முடிவு செய்தோம்.

இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்குக் குறைவாக நிலம் வைத்திருப்பவரைச் சிறு, குறு விவசாயி என்று அரசு கணக்கெடுக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள சாகுபடி நிலப் பங்குகளில் 86 சதவீதம் இப்படிப்பட்டவை. நம் ஊரிலும் மூன்று மா, ஐந்து மா, ஒரு ஏக்கர் என்று வைத்திருப்பவர்கள்தான் அதிகம். இவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு பருவம் பொய்த்தாலே வீடு ஆட்டம் காணும்.

'நீடித்த வேளாண்மை' என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய வார்த்தையாக இருக்கிறது. நாங்கள் அதை இப்படிப் புரிந்துகொள்கிறோம்: மண் கெடாமல், குடும்பம் கடன்படாமல், பத்து வருஷம் கழித்தும் அதே வயலில் நம் பிள்ளைகள் விளைவிக்க முடிய வேண்டும். அறுப்புக்கு முன்னால் கையை விட்டுப் போகும் பணம் குறைய வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் இன்று ஒவ்வொரு முறையையும் பார்க்கப் போகிறோம்.

எங்கள் தவறிலிருந்து தொடங்குகிறோம்

மற்றவர்களுக்குச் சொல்லும் முன் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். அறக்கட்டளைக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு குடும்பம் எழுதி வைத்தது. அந்த நிலத்தை வருஷா வருஷம் சித்திரையில் ஏலம் விட்டோம். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு ஒரு வருஷக் குத்தகை. கணக்கு சுத்தமாக இருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தோம்.

முதலில் ஏலத் தொகை ஏறியது. பிறகு நின்றது. பிறகு இறங்கியது. ஒரு வருஷம் கேட்க ஆளே வரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டு, முந்தைய வருஷம் சாகுபடி செய்த பெரியவரைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை வயலுக்கே அழைத்துப் போனார். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். அது உதிரவில்லை. ஓட்டாஞ்சில்லு மாதிரி இரண்டாக உடைந்தது.

"பாய், கோவிச்சுக்காதீங்க. இதுல எரு விழுந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. நான் வண்டி எரு அடிச்சா, அடுத்த வருஷம் ஏலத்துல வேற ஒருத்தர் எடுத்து அறுப்பாரு. அதனால நானும் யூரியாவைப் போட்டு எடுக்கிற வரைக்கும் எடுத்தேன். எனக்கு முன்னால இருந்தவரும் அதைத்தான் செஞ்சாரு."

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் எங்கள் ஏலத்தில் இருந்தது. ஒருவர் நம்பி ஒப்படைத்த அமானத்தை, வருஷத்துக்கு ஒரு கை மாற்றி நாங்களே தேய்த்திருக்கிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, சிறு விவசாயிக்கு ஏற்ற முறைகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் பலன் எப்போது கைக்கு வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

பசுந்தாள் உரம்

முதலாவது, நம் பாட்டன் காலத்திலிருந்தே இருப்பது. தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி ஆகியவை. கோடை மழை பெய்ததும் சித்திரை, வைகாசியில் தக்கைப்பூண்டு விதையை ஏக்கருக்கு 20 கிலோ அளவில் விதைக்கிறோம். 40 முதல் 45 நாளில் பூ எடுக்கும் நேரத்தில் அப்படியே மடக்கி உழுதுவிடுகிறோம். வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. செடி மக்கும்போது அது மண்ணுக்கு வருகிறது. மண் இளகி, தண்ணீர் பிடித்து வைக்கும் தன்மையும் கூடுகிறது.

உப்பு ஏறிய நிலத்துக்கும் தக்கைப்பூண்டு தாக்குப்பிடிக்கும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்கள் உப்பாகிக் கிடந்தபோது, அவற்றைத் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவரும் பணியில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அந்த விவசாயிகளோடு நின்றார். கைவிடப்பட்ட நிலம் என்று எதையும் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு பாடம்.

செலவு என்ன? விதையும் இரண்டு உழவும்தான். தமிழக அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்ற திட்டத்தை அறிவித்து, பசுந்தாள் விதை வழங்கவும் ஏற்பாடு செய்தது. இப்போது என்ன கிடைக்கிறது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் ஊர் மாடும் ஆடும் வயலில் அவிழ்த்துவிடப்படுகின்றன. ஒருவர் மட்டும் பசுந்தாள் விதைத்தால் அது மேய்ச்சலாகிவிடும். ஒரு வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசி விதைத்தால்தான் நிற்கும்.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. பசுந்தாள் விதைக்க வேண்டிய அதே சித்திரையில்தான் குத்தகை முடிகிறது. அடுத்த வருஷம் யார் உழப்போகிறார் என்று தெரியாத நிலத்தில் யார் விதை போடுவார்?

எருவும் ஆட்டுக்கிடையும்

இரண்டாவது, தொழு எருவும் கிடையும். கோடையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு நம் டெல்டாவுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அறுத்த வயலில் இரவு மந்தையை மடக்கிப் போட்டால் புழுக்கையும் சிறுநீரும் நேராக மண்ணில் சேரும். ஏற்றுக்கூலி இல்லை, இறக்குக்கூலி இல்லை. கிடை போட்ட வயலைத் தாமதிக்காமல் உழுதுவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

மாட்டெரு மெதுவாக வேலை செய்யும். இந்த வருஷம் அடித்த எரு மூன்றாவது வருஷமும் பேசும். மாடு வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: எருக்குழிக்கு மேலே ஒரு கீற்றுப் பந்தல் போதும். மழையில் சாறு ஓடிவிட்டால் மிஞ்சுவது வெறும் சக்கைதான். கொல்லையில் ஒரு சிறு தொட்டியில் அசோலா வளர்த்தால் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம் ஆகும். தீவனக் கடைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கும்.

நெல்லுக்குப் பின் பயறு

மூன்றாவது, பயிரை மாற்றுவது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பது நம் பகுதியின் பழைய வழக்கம். நெல்லை அறுக்கும்போது பயறு முளைத்திருக்கும். உழவு இல்லை, தனியாகத் தண்ணீர் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அதற்குப் பாசனம். இதற்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 3 உளுந்தை வெளியிட்டது. விதையை ரைசோபியம் கலந்து விதைத்தால் வேர் முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

இப்போது பெரிய அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கி, முளைத்த பயறை மிதித்துவிடுகிறது. அதனால் பலர் விட்டுவிட்டார்கள். ஆனாலும் வயலை நேரத்தோடு வடிய வைத்து, தரை இறுகிய பின் இயந்திரத்தை இறக்கினால் சேதம் குறையும். விட்டுவிட வேண்டாம். உளுந்து விற்ற பணம் வரும் மாதத்தில் வேறு வருமானம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வரப்பில் ஒரு வரிசை உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றினால் வீட்டுக்குப் பயறு ஆகும். நெல்லைத் தின்னும் பூச்சிகளைப் பிடிக்கும் நல்ல பூச்சிகளுக்கு அந்த வரப்பு இருப்பிடமும் ஆகும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த இரவில், ஒற்றைப் பயிரை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் விடிவதற்குள் எல்லாவற்றையும் இழந்தன. தோப்புக்குள் வாழை, கருணை, மஞ்சள் என்று ஊடுபயிர் இருந்தால் எல்லாம் ஒரே நாளில் போகாது. மட்டையையும் கீற்றையும் எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் கோடையில் தண்ணீர்ச் செலவும் குறையும்.

ஒற்றை நாற்று

நான்காவது, திருந்திய நெல் சாகுபடி. 1980களில் மடகாஸ்கர் தீவில் சிறு விவசாயிகளிடையே பணியாற்றிய ஆன்றி தெ லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் மண்ணுக்கு ஏற்பத் திருத்திப் பரப்பியது.

வழக்கமான நடவில் ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போகிறது. இதில் 3 கிலோ போதும். ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால். 14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்று. 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடவு. பத்து நாளுக்கு ஒரு முறை கோனோவீடர் ஓட்டிக் களையை மண்ணுக்குள்ளேயே அமுக்க வேண்டும். தண்ணீரைக் கட்டி வைக்காமல், மயிரிழை போல வெடிப்புத் தெரிந்ததும் பாய்ச்சினால் போதும். மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்குமா, திறக்காதா என்று ஒவ்வொரு வருஷமும் வானத்தைப் பார்க்கும் நமக்கு, தண்ணீரை மிச்சப்படுத்தும் முறை எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் எல்லா வயலுக்கும் இது பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்து வயலில் 14 நாள் நாற்று மூழ்கிப் போகும். அங்கே வேண்டாம். வடிகால் உள்ள மேட்டு வயலுக்குத்தான் இது. நடும் பெண்களுக்கும் இரண்டு மூன்று நாள் பழக்கம் வேண்டும். முதல் வருஷம் நடவு மெதுவாகத்தான் போகும்.

உரத்தையும் மருந்தையும் அளந்து கொடுப்பது

ஐந்தாவது, கடைச் செலவைக் குறைப்பது. யூரியாவைப் பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காகப் போடக் கூடாது. இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக நிறம் காட்டும். நட்டு 14 நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நம் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்து இலை பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண், மற்ற இரகங்களுக்கு நான்காம் எண். பெரும்பாலான இலைகள் அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். தேவைக்கு மேல் யூரியா போட்ட பயிர் கரும்பச்சையாகக் கண்ணுக்கு அழகாக இருக்கும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அதைத்தான் முதலில் தேடி வரும். அப்புறம் மருந்துக் கடைக்கு ஓட வேண்டும். ஆக ஒரு செலவு இன்னொரு செலவைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஆனி, ஆடியில் தெருவெல்லாம் விழுந்து கிடக்கும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி, நிழலில் காயவைத்து வையுங்கள். பத்து கிலோ பருப்பை இடித்து ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலை நேரத்தில் தெளித்தால் அது ஒரு ஏக்கருக்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. வயலில் ஆங்கில 'T' வடிவத்தில் குச்சிகள் நட்டு வைத்தால் பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் வந்து உட்காரும். எலிக்கு நம் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கவே இருக்கிறது.

மருந்து அடிக்காவிட்டால் விளைச்சல் போய்விடுமே என்று பயப்படுவது இயல்பு. இந்தோனேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. காரணம், புகையானைத் தின்னும் சிலந்திகளும் நல்ல பூச்சிகளும் மருந்தில் முதலில் செத்தன. 1986இல் அந்த அரசு, நெல்லில் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை விதித்தது. பின்னர் மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் எடுத்தது. விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சியைக் கண்டறியும் பள்ளி நடத்தியது. நெல் உற்பத்தி விழவில்லை.

அதே நேரத்தில் இலங்கையில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2021இல் அங்கே இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். மாற்று உரம் தயாராக இல்லை. விவசாயிகளுக்குப் பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. சில மாதங்களிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. தடையை விலக்கினாலும், அந்தப் பருவத்தை இழந்த ஏழை விவசாயிக்கு அது திரும்பி வரவில்லை. ஆகவே யாரும் ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்றாதீர்கள். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி வந்து, காணொளி பார்த்து முழு நிலத்திலும் இறங்க நினைக்கும் தம்பிகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். முதலில் ஒரு மாவில் செய்து பாருங்கள். பாரம்பரிய நெல்லுக்கும் இது பொருந்தும். திருத்துறைப்பூண்டியில் 'நெல்' ஜெயராமன் அவர்கள் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற பழைய விதைகளைத் தேடிச் சேர்த்து, திருவிழா நடத்திப் பகிர்ந்து கொடுத்தார்கள். அங்கே விதை வாங்கியவர், விளைந்த பின் அதை இரண்டு மடங்காகத் திருப்பித் தருவது வழக்கம். நல்ல விதை கிடைக்கும். ஆனால் விற்கும் இடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு விதையுங்கள்.

எல்லாம் வந்து நிற்கும் இடம்

இப்போது திரும்பிப் பாருங்கள். பசுந்தாள் ஒரு முறை போட்டால் மண் கொஞ்சம் இளகும். மூன்று முறை போட்டால்தான் யூரியா குறையும். மாட்டெரு இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் பேசும். நல்ல பூச்சிகள் வயலுக்குத் திரும்பி வரப் பருவங்கள் ஆகும். இவற்றில் எதுவும் ஒரே வருஷத்தில் முழுப்பலன் தருவதில்லை. ஆனால் நம் நிலங்களில் பாதிக்கு மேல் ஒரு வருஷ வாய்மொழிக் குத்தகையில் இருக்கின்றன என்று இங்கே உள்ள சாகுபடியாளர்களே சொல்கிறார்கள். உழுகிறவருக்கு நாளை இல்லை என்றால் மண்ணுக்கும் நாளை இல்லை.

அந்தப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்த பிறகு நாங்கள் ஏலத்தை நிறுத்தினோம். அவருக்கே மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தோம். முதல் வருஷம் பசுந்தாள் விதைச் செலவை அறக்கட்டளை ஏற்றது. மறைக்காமல் சொல்கிறோம்: யூரியாவைக் குறைத்த முதல் சம்பாவில் ஏக்கருக்கு நான்கு மூட்டை குறைந்தது. குழுவில் சத்தம் எழுந்தது. "பிள்ளைங்க படிப்புக் காசுல பரிசோதனை பண்றீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வருஷக் குறைவை அவர் தலையிலும் ஏற்றாமல், பிள்ளைகள் தலையிலும் ஏற்றாமல், நிர்வாகிகள் கையிலிருந்து போட்டோம். இரண்டாம் வருஷம் பழைய அளவுக்கு வந்தது. மூன்றாம் வருஷம் விளைச்சல் அதே அளவுதான், ஆனால் கடைச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அவர் அந்தச் சம்பாவுக்கு நகை அடகு வைக்கவில்லை. எங்களுக்கு அதுதான் லாபக் கணக்கு.

மார்க்கத்திலும் விளைச்சலின் ஜகாத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் கூடினால் கொடுக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது. விவசாயியின் செலவைப் பார்த்துத்தான் அவரிடம் கேட்க வேண்டும் என்ற இந்தப் பாடம், குத்தகை பேசும்போதும் நம் நினைவில் இருக்க வேண்டும்.

"மூணு வருஷம் கொடுத்தா நிலம் போயிடாதா?" இந்தக் கேள்வியை அத்தா விட்டுச்சென்ற இரண்டு மாவை நம்பி வாழும் ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. 1955ஆம் ஆண்டிலிருந்து உழும் குத்தகைதாரரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. அது தேவையான சட்டம். அதை நினைத்துத்தான் பலர் எழுத்து இல்லாமல் வருஷா வருஷம் ஆளை மாற்றுகிறார்கள். எழுதாமல் விடுவதால் பயம் தீரவில்லை, இரு தரப்பிலும் சந்தேகம்தான் வளர்கிறது. வழக்கறிஞர் முன்னிலையில், இரு தரப்பும் புரிந்துகொண்டு, எவ்வளவு காலம், எவ்வளவு நெல், வெள்ளமோ வறட்சியோ வந்தால் என்ன என்று எழுதிக்கொள்வதுதான் இருவருக்கும் காவல்.

எழுத்து இல்லாததால் நடக்கும் இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணமும் காப்பீடும் அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்கு வருகின்றன. விதைத்தவர் ஒருவர், பணம் வருவது இன்னொருவருக்கு. அப்படி உங்கள் கணக்குக்குப் பணம் வந்திருந்தால், அது பயிரை இழந்தவரின் பணம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இன்று நாங்கள் கேட்பது

நிலம் வைத்திருக்கும் குடும்பங்களிடம் கேட்கிறோம்: வரும் சித்திரையில் குத்தகை புதுப்பிக்கும்போது, மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் முதல் வருஷம் குத்தகை நெல்லில் ஒரு மூட்டை குறைத்து, அதைப் பசுந்தாள் விதைக்கு என்று சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வருவது தேறிய மண்.

சாகுபடி சகோதரர்களிடம் கேட்கிறோம்: இந்த ஐந்து முறைகளில் ஒன்றை மட்டும், ஒரு மாவில் மட்டும் தொடங்குங்கள். பக்கத்து மாவை வழக்கம்போல் விடுங்கள். இரண்டின் செலவையும் விளைச்சலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் நோட்டை நம்புங்கள்.

அறக்கட்டளை என்ன செய்யும்? இரண்டு கோனோவீடர்கள் வாங்கி வைக்கிறோம். வாடகை இல்லை, சுத்தம் செய்து திருப்பித் தந்தால் போதும். இலை வண்ண அட்டை அலுவலகத்தில் இருக்கும். மூன்று வருஷம் எழுதிக்கொண்ட குத்தகைக்காரருக்குப் பசுந்தாள் விதையும் உளுந்து விதையும் வாங்க வட்டியில்லாக் கடன் தருவோம். அறுப்பில் திருப்பித் தந்தால் அது அடுத்தவருக்குப் போகும். அவர் எந்தச் சமுதாயத்தவர் என்று பார்க்க மாட்டோம். நம் நிலத்தில் உழுகிறவர் நம்மவர்தான்.

தாய்மார்களிடம் கடைசியாக ஒன்று. இந்தக் குடும்பங்களில் நடவுக்குப் பணம் போதாதபோது கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பவர்கள் நீங்கள். ஆனால் எந்த உரம், எத்தனை மூட்டை என்று முடிவு செய்யும்போது உங்களை யாரும் கேட்பதில்லை. இனிமேல் கேளுங்கள். "இலை அட்டை பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் கழற்றிக் கொடுங்கள்.

அடுத்த சித்திரையில், இன்ஷா அல்லாஹ், இதே இடத்தில் மீண்டும் கூடுவோம். பேசுவது நாங்களாக இருக்கக் கூடாது. நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள். கூடியதையும் குறைந்ததையும் உள்ளபடி படியுங்கள். அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.